சம்பளம் உண்டா இந்தப் புள்ளைங்களுக்கு?

2018 பிப்ரவரியில் 'எங்க வீட்டு மாப்பிள்ளை' டி.வி. நிகழ்ச்சி தொடங்கியபோது எங்கள் தேயிலைத் தோட்ட லைனில் டி.டி.எச். ஒழுங்காக வேலை செய்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். சேரம்பாடி பக்கம், மலைச்சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மூன்றாம் வீட்டு அத்தை, கடைசி வீட்டுப் பெரியம்மா, அவருடைய மருமகள், இன்னும் நாலைந்து பேர் எங்கள் முன்னறைக்கு வந்துவிடுவார்கள். கட்டிலில் மூன்று பேர், மற்றவர்கள் தரையில். பகலெல்லாம் கொழுந்து பறித்த கைகள். தேயிலைக் கறை எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் நுனியை விட்டுப் போகாது. அந்தக் கறுத்த விரல்களால் திரையைக் காட்டிக் காட்டிப் பேசுவார்கள்.

நிகழ்ச்சி பலருக்கு நினைவிருக்கும். நடிகர் ஆர்யாவுக்குப் பெண் தேடுவதாகச் சொல்லி 16 பெண்களை ஒரே இடத்தில் தங்க வைத்தார்கள். ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஏப்ரலில் இறுதி நாள் வந்தது. அவர் மூவரில் ஒருவரையும் தேர்ந்தெடுக்கவில்லை.

அன்றைக்கு எங்கள் முன்னறையில் எழுந்த கோபத்தை நான் மறக்கவே மாட்டேன். பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார். "பதினாறு வீட்டுல பஜ்ஜி தின்னுட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்னு சொன்ன மாதிரி இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொரு பெண்ணும் ஒரு முறையாவது தட்டை ஏந்திக்கொண்டு வந்து நின்றவள். மூன்றாம் வீட்டு அத்தையை ஏழு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன. நிறம் குறைவு என்று ஒருத்தர், பல் எடுப்பு என்று ஒருத்தர். ஏழாவது ஆள் போன பிறகு அவர் தன் புடவையை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டு, இனிமேல் யார் வந்தாலும் வேலைத் துணியிலேயே நிற்பேன் என்று சொல்லிவிட்டாராம். அந்த அத்தைதான் அன்று அதிகம் அழுதார். திரையில் தோற்ற பெண்ணுக்காக அழுதாரா, தனக்காக அழுதாரா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். எங்கள் பக்கம் இரவில் யானை இறங்கும். தனியாக யாரும் பத்து அடிகூட நடப்பதில்லை. டார்ச் அடித்துக்கொண்டு, சத்தமாகப் பேசிக்கொண்டு, ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். பேச்சு முழுக்க அந்தப் பதினாறு பேரைப் பற்றித்தான். "அந்தக் கேரளாப் பொண்ணு நல்லா யோசிக்குது." "அவளை நம்பாதே, கேமரா போனதும் மூஞ்சி மாறுது." இருட்டில் தேய்ந்துகொண்டே போகும் அந்தக் குரல்களைக் கேட்டபடி நான் படுத்திருப்பேன்.

நான் பெண்ணை நேசிக்கிற பெண். பெண்ணியம் பேசுகிறவள். நீ எப்படி இந்த டேட்டிங் ஷோக்களையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறாய் என்று தோழிகள் கேட்கிறார்கள். எனக்கு மனதாரப் பிடிக்கும், அதனால் பார்க்கிறேன். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்க்காத மாதிரி இருக்கிறார்கள், ஒருத்தி பேசும்போது இன்னொருத்தியின் கை எங்கே போகிறது என்று கவனிப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். விமர்சனத்தை நான் தனியாகப் புத்தகத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. அந்த முன்னறையில் பார்ப்பதும் திட்டுவதும் ரசிப்பதும் ஒரே மூச்சில் நடந்தன. அதை வம்பு என்று ஆண்கள் சொல்வார்கள். எந்த மாப்பிள்ளை குடிப்பவன், எந்த மாமியார் அடிப்பவள், எந்தக் கங்காணி பக்கம் தனியாகப் போகக் கூடாது என்று பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்துகொண்டது இந்த வம்பின் வழியாகத்தான்.

அம்மா அதிகம் பேச மாட்டார். நாலு வயதில் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தவர். 1964-இல் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தின்படி எண்ணி அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். தன்னைக் கேட்காமல் தன்னைப் பற்றி முடிவெடுக்கிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சியின் நடுவில் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "இந்தப் புள்ளைங்களுக்குச் சம்பளம் உண்டா?"

எனக்கு அப்போது பதில் தெரியாது. பின்னால் தேடித் தேடிப் படித்தேன்.

இந்த வகையின் தாய் என்று சொல்லத்தக்க 'தி பேச்சலர்' அமெரிக்காவில் 2002 மார்ச்சில் தொடங்கியது. ஒரு ஆண், சுமார் இரண்டு டஜன் பெண்கள், வாரம் ஒரு ரோஜாச் சடங்கு. ரோஜா கிடைத்தவள் இருக்கலாம், கிடைக்காதவள் பெட்டியைக் கட்ட வேண்டும். பெண்களிடமிருந்து போனை வாங்கிவிடுவார்கள். டி.வி. கிடையாது, இணையம் கிடையாது. மது தாராளம். ரோஜாச் சடங்கு விடிய விடிய நீளும். போட்டுக்கொள்ளும் உடைகளைப் பெரும்பாலும் அவர்களே சொந்தக் காசில் வாங்கி வர வேண்டும். தூக்கமில்லாமல், வெளியுலகத் தொடர்பில்லாமல், நாள் முழுக்க ஒரே ஆளைப் பற்றியே பேச வைத்தால் யாருக்குத்தான் அழுகை வராது? அந்த அழுகையைக் காதல் என்று பெயர் மாற்றி நமக்குக் காட்டுகிறார்கள். இன்னொன்றும் செய்வார்கள். வெவ்வேறு நாளில் பேசிய துண்டுகளைக் கத்தரித்து ஒரு வாக்கியமாக ஒட்டுவார்கள். ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவள் முகம் மறைந்து நீச்சல் குளமோ நிலாவோ வந்து குரல் மட்டும் கேட்டால், அந்த வாக்கியத்தைச் சந்தேகப்படுங்கள். ஒட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சம்பளத்துக்கு வருகிறேன். 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'லவ் இஸ் பிளைண்ட்' பார்த்திருப்பீர்கள். முகம் பார்க்காமல் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து பேசி, பிடித்துப்போனால் கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் இரண்டாவது சீசனில் கலந்துகொண்ட ஜெரமி ஹார்ட்வெல் 2022-இல் வழக்குப் போட்டார். வாரத்துக்கு 1,000 டாலர் கொடுத்தார்கள், ஒரு நாளில் 20 மணி நேரம் வரை வேலை வாங்கினார்கள், சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்து மதுவை மட்டும் தாராளமாக வைத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். 2024-இல் 14 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அதே ஆண்டு டிசம்பரில், இப்படிக் கலந்துகொள்கிறவர்களைத் தொழிலாளர்களாகத்தான் கருத வேண்டும் என்று அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் தரப்பிலேயே ஒரு புகார் பதிவானது.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. "பேர் போட்டாத்தானே வேலைன்னு கணக்கு" என்றார். அம்மா ஒரு தோட்டத்தில் பல வருஷம் தற்காலிகம் என்றே இருந்தவர். பறித்த கொழுந்துக்கு எடை உண்டு. ஆனால் பேரேட்டில் நிரந்தரப் பேர் கிடையாது. அதற்கு மேல் வீட்டில் செய்த வேலை எந்தக் கணக்கிலும் வராது. பெண்கள் சிரிப்பதும் அழுவதும், ஒரு ஆணை நல்லவனாகக் காட்டுவதும் வேலைதான் என்று பெண்ணியம் எத்தனையோ பக்கங்களில் எழுதியிருக்கிறது. அம்மா அதை ஒரு சம்பளக் கேள்வியாகக் கேட்டுவிட்டார்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

கொழுந்து பறிக்கும்போது ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை உண்டு. இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவே அவள் பாதை அது. மேற்பார்வை பார்ப்பவரின் கண் கூடையில் இருக்கும். இலை முற்றியதா, காம்பு வந்திருக்கிறதா, எடை தேறுமா என்று பார்ப்பார். பெண்களின் கண்ணோ அடுத்த நிரையில் இருக்கும். கை தானாகப் பறித்துக்கொண்டிருக்க, செடிகளுக்கு மேலே தலைகள் மட்டும் தெரிய, நாள் முழுக்கப் பேச்சு நடக்கும். ஒருத்தி பின்தங்கினால் இன்னொருத்தி தன் நிரையை முடித்துவிட்டு வந்து அவளுக்குக் கை கொடுப்பாள். பதினாறு வயதில் லீவு நாட்களில் அம்மாவோடு போகும்போது, எனக்கு முன்னால் இருந்த நிரையில் ஒரு அக்கா வேலை செய்வார். வெயிலுக்குத் தலையில் கட்டியிருக்கும் துண்டை மதியத்தில் அவிழ்த்து உதறிவிட்டு மறுபடி கட்டுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் காலையிலிருந்து காத்திருப்பேன். அதற்கு ஒரு பெயர் உண்டு என்று அப்போது தெரியாது.

இந்த நிகழ்ச்சிகளிலும் கேமரா மேற்பார்வையாளர் மாதிரிதான் நிற்கிறது. அந்த ஆண் ஒருத்தியை வெளியே கூட்டிப்போனால் கேமராவும் போகிறது. மீதிப் பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்னுகிறாள். தோட்டை இரவல் கொடுக்கிறாள். அழுகிறவளின் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். எடிட்டிங்கில் இவையெல்லாம் நாலைந்து விநாடிதான் மிஞ்சும். நான் பார்ப்பது அந்த நாலைந்து விநாடியை. பெண்ணுக்குப் பெண் போட்டியாளர் மட்டும்தான், அவள் கண் ஆணைத் தவிர வேறு எங்கும் போகாது என்ற நம்பிக்கையில்தான் இந்த விளையாட்டுக்கே விதி எழுதியிருக்கிறார்கள். இல்லையென்றால் இருபது பெண்களை மாதக் கணக்கில் ஒரே வீட்டில் பூட்டி வைக்கத் துணிவார்களா?

2018-இல், எங்கள் வீட்டில் ஆர்யாவைத் திட்டிக்கொண்டிருந்த அதே வருஷம், வியட்நாமின் 'தி பேச்சலர்' நிகழ்ச்சியில் ரோஜாச் சடங்கின்போது மின் து என்ற பெண் பேச அனுமதி கேட்டாள். இங்கே காதலைத் தேடி வந்தேன், கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் அது உங்களிடம் இல்லை என்று அந்த மாப்பிள்ளையிடம் சொன்னாள். வரிசையில் நின்ற துருக் நூ என்ற பெண்ணிடம் நேராக நடந்துபோய்க் கட்டிக்கொண்டு, என்னோடு வீட்டுக்கு வந்துவிடு என்றாள். அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. துருக் நூவின் முகத்தில் முதலில் வருவது அழுகை. ஆச்சரியம் அதில் கொஞ்சமும் இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் கேமரா பார்க்காத எத்தனை ராத்திரிகள் அந்த முகத்தில் இருக்கின்றன! மாப்பிள்ளை பேசிப் பேசி அவளை இருக்கச் சொன்னார், அவளும் அப்போதைக்கு இருந்தாள் என்பது தனிக்கதை. 2016-இல் ஆஸ்திரேலிய 'பேச்சலர்' வீட்டில் இருந்த மேகன் மார்க்ஸும் டிஃபனி ஸ்கேன்லனும் நிகழ்ச்சி முடிந்த பிறகு ஜோடியாக வாழ்ந்தார்கள், பிறகு பிரிந்தார்கள். பிரிந்தார்கள் என்பதால் எனக்கு அந்தக் கதையில் ஒன்றும் குறையவில்லை.

ஆண்-பெண் ஈர்ப்பு என்ற வழக்கத்துக்குள் அடங்காதவர்களைக் குறிக்கும் குயர் என்பதை நம் மாநில அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட சொல்லகராதியில் 'பால் புதுமையர்' என்று எழுதியிருக்கிறது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது இந்த நிகழ்ச்சிகள் சில சமயம் நெஞ்சைப் பிசைகின்றன. 'லவ் இஸ் பிளைண்ட்' முதல் சீசனில் கார்ல்டன் என்பவர் டயமண்ட் என்ற பெண்ணுக்கு மோதிரம் போட்டு நிச்சயம் ஆன பிறகுதான், தனக்கு ஆண்களிடமும் ஈர்ப்பு உண்டு என்று சொல்கிறார். அடுத்த நாள் நீச்சல் குளத்தருகே பெரிய சண்டை. என் மனம் முதலில் அவர் பக்கம் ஓடியது. சொல்ல நினைத்து வார்த்தை தொண்டையில் நிற்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அவளை நோக்கி வீசிய சொற்கள் மோசமானவை. கேள்வி கேட்கிற உரிமை அவளுக்கு உண்டு. பால்புதுமையர் என்பதற்காக ஒரு ஆண் ஒரு பெண்ணை அவமதிப்பதை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. இருவரையும் அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, வெடிக்கட்டும் என்று காத்திருந்தவர்கள் மேல்தான் எனக்குக் கடைசிவரை கோபம்.

எங்கள் லைனில் பிறந்தவளுக்கு இன்னொன்றும் உடனே தெரிந்துவிடும். 2020-இல் வந்த 'இண்டியன் மேட்ச்மேக்கிங்'கில் ஒல்லி, உயரம், நிறம், நல்ல குடும்பம் என்று பட்டியல் போடுவார்கள். சாதி என்ற சொல்லைப் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லாமல் சமூகம், பின்புலம் என்று சுற்றி வளைத்துப் பேசுவார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் லைனிலிருந்து ஒரு ஆள்கூட நுழைய முடியாது. அதை நான் இரண்டு அத்தியாயத்துக்கு மேல் பார்க்கவில்லை.

மனம் நிறைந்து பார்த்தது 2019-இல் எம்.டிவியில் வந்த 'ஆர் யூ தி ஒன்?' எட்டாவது சீசன். 16 பேர். எல்லோரும் பாலின எல்லை பார்க்காமல் ஈர்க்கப்படுகிறவர்கள். யாருக்கு யார் வேண்டுமானாலும் ஜோடியாகலாம். விதி ஒன்றை மாற்றினார்கள், வீடே மாறிவிட்டது. அவர்களும் குடித்தார்கள், ஏமாற்றினார்கள், கத்தினார்கள், நல்லவர்களாக நடிக்கவில்லை. ஆனால் அதில் ஒருவர் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும்போது இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து உதவுவாள். இறங்குகிற ஊசி, அதைப் பிடித்திருக்கும் கை. காதல் காட்சி என்றால் எனக்கு அதுதான்.

நான் இப்போது குன்னூரில், பெட்ஃபோர்டுக்கு மேலே, ஒரு மாடி அறையில் என் இணையரோடு இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு நாங்கள் ஒன்றாக வேலை பார்க்கிற பெண்கள். 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை உச்ச நீதிமன்றத்தில் எங்களைப் போன்ற தன்பாலின இணையர்களின் திருமண உரிமை வழக்கு நடந்தது. நேரலையில் முடிந்த மட்டும் பார்த்தோம். இரண்டு வாரம் கழித்து 'தி அல்டிமேட்டம்: குயர் லவ்' வந்தது. ஐந்து ஜோடிகள், ஒவ்வொன்றிலும் ஒருவர் கல்யாணம் செய்துகொள், இல்லையென்றால் பிரிந்துவிடுவோம் என்று மற்றவருக்குக் கெடு வைக்கிறார். அன்று கோடை மழை. சுற்றுலா சீசன் கூட்டத்தில் குன்னூர் மவுண்ட் ரோடு முழுக்க வண்டி நெரிசல். மின்சாரம் இரண்டு தடவை போனது. போன் வெளிச்சத்தில் போர்வைக்குள் உட்கார்ந்து விடியும்வரை பார்த்தோம்.

நாலாவது அத்தியாயத்தில் என் இணையர் நிறுத்தச் சொன்னாள். "இவங்களுக்குச் செஞ்சுக்க முடியுது, அதனால மிரட்டுறாங்க. நமக்கு மிரட்டக்கூட வழியில்லை" என்றாள். கல்யாணத்தை அன்பின் தேர்வுத் தாளாக்கியது ஆண்-பெண் உலகம். அந்தத் தாளை அப்படியே வாங்கிவந்து நம்மவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் சொல்லிவிட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. தாளே கிடைக்காதவள் தாளைக் கிழிப்பது எப்படி என்று கேட்டாள். அன்று தொடங்கிய வாக்குவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. அக்டோபர் 17-இல் தீர்ப்பு வந்து, உரிமை இல்லை என்றானபோது நான் அழுதேன், அவள் அழவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னபோது அவள் அழுதாள்.

அம்மாவுக்கு 2021-இல் சொன்னேன். மூன்று மாதம் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் போன் செய்து, அங்கே மழையா என்று கேட்டார். இணையரின் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவுக்கு இதய நோய்.

போன பொங்கலுக்கு அப்புறம் அம்மா எங்களோடு நாலு நாள் தங்க வந்தார். சேரம்பாடியிலிருந்து கூடலூர், ஊட்டி என்று பஸ் மாறி மாறி வந்து இறங்கும்போது பை நிறைய பட்டாணி. ராத்திரி என்ன பார்க்கலாம் என்று கேட்டபோது, "அந்த மாதிரி நிகழ்ச்சி ஏதாவது இருந்தா போடு" என்றார். நான் ஜப்பானிய நிகழ்ச்சியான 'தி பாய்ஃபிரண்ட்' போட்டேன். 2024-இல் வந்தது. கடலோரத்தில் ஒரு வீடு, ஆண்களை நேசிக்கும் ஒன்பது ஆண்கள். காபி வண்டி ஒன்றை ஓட்டிப் பிழைக்க வேண்டும். தினமும் இரண்டு பேர் வண்டிக்குப் போவார்கள், மற்றவர்கள் வீட்டில் சமைப்பார்கள். வெளியேற்றம் என்று ஒன்று கிடையாது. பரிசுப் பணத்துக்கான அடிதடியும் கிடையாது.

நான் வாயாலேயே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதலில் அம்மா ஒன்றும் பேசவில்லை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து நடுவில் செய்தித்தாள் விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் கை கொழுந்து பறிக்கிற வேகத்திலேயே உரித்தது. தொலி ஒரு பக்கம், மணி ஒரு பக்கம். திரையில் டாய் என்ற பையன், மனதைத் திறக்காத ஷுன் என்ற பையனோடு பேச முயன்றுகொண்டிருந்தான். ஷுன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இவன் ஏன் இப்படி உம்முன்னு இருக்கான்?"

"பயம்மா. விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு."

"ம்." கொஞ்ச நேரம் கழித்து, "காபி வண்டிக்காசு யாருக்குப் போகுது?"

எல்லோருடைய சாப்பாட்டுச் செலவுக்கும் அதுதான் என்றேன். தலையாட்டினார். அடுத்த காட்சியில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். அம்மாவின் கை நின்றது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இவங்க அம்மாவுக்கெல்லாம் தெரியுமா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் இணையர், "சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும் அம்மா, சில பேருக்குத் தெரியாது" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. அம்மா திரும்பி அவளைப் பார்த்தார். உரிக்காமல் கிடந்த குவியலைக் கையால் மூன்றாகப் பிரித்தார். ஒரு பங்கை அவள் மடிப்பக்கம் தள்ளிவிட்டு, "சரி, அடுத்ததைப் போடு கண்ணு" என்றார்.